பூட்டானுக்கு எந்த மாதம் போகலாம்? ஆடி ஆஃபரில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை

வேலூரிலிருந்து பூட்டானுக்கு டூர் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்குச் செய்ததில் பெரிய உதவி எது என்றால், நல்ல ஹோட்டலோ நல்ல காரோ இல்லை. நான் கேட்ட மாதத்தில் டூர் போட மாட்டேன் என்று சொன்னதுதான். அது ஏன் பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் அதற்கு ஐந்து வருஷம் முன்னால் வேறொரு கம்பெனி மூலம் போய் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இரண்டு கம்பெனி பெயரையும் போடவில்லை. முதலாவதைப் பெயர் சொல்லித் திட்டுவது என் நோக்கம் இல்லை. இரண்டாவது ஒரே ஆள் நடத்துவது, மாடிப்படி ஏறிப் போனால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன், அவ்வளவுதான். வருஷத்துக்கு நாலைந்து குழுவுக்கு மேல் தன்னால் பார்க்க முடியாது, பெயர் போட வேண்டாம் அக்கா என்று அவரே கேட்டுக்கொண்டார்.

சரி, 2019. அந்த வருஷம் ஜூலையில் வேலூர் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது அந்த மாதம்தான், ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன். அப்படி ஒரு வறட்சியில் 'ஆடி ஆஃபர், பூட்டான் எட்டு நாள், தலைக்கு இவ்வளவு குறைவு' என்று ஒரு விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது. ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அந்த மாசம் மழை இருக்குமா? "மேடம், அங்கே பன்னிரண்டு மாசமும் சீசன்தான், கிளைமேட் எப்பவும் சூப்பரா இருக்கும்." நானும் நம் ஊர்க் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நமக்கு அடைமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் காற்றுதான் அடிக்கும், மழை வந்தாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பணத்தைக் கட்டிவிட்டோம்.

அந்தக் கணக்குதான் தப்பு. பூட்டானுக்கு மழை கொடுப்பது தென்மேற்குப் பருவக்காற்று. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போகிற காற்று முதலில் முட்டுவது அந்த மலையின் தெற்கு அடிவாரத்தில், அதாவது நாம் தரை வழியாக நுழைகிற புன்ட்ஷோலிங் பக்கத்தில். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அந்த நாட்டு மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் காற்று திசை மாறி, வடகிழக்குக் காற்றாக நம் பக்கம் மழையைக் கொண்டுவருகிறபோது, அங்கே வறண்ட காற்றுதான். நாம் வீட்டில் குடையைத் தேடி எடுக்கிற மாதத்தில் அங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். தமிழ்நாட்டுக்காரர்கள் பூட்டானுக்கு மாதம் பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு.

காட்பாடியில் ரயில் ஏறி நியூ ஜல்பைகுரி போய்ச் சேரவே ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து வண்டியில் ஜெய்காவ், அதை ஒட்டியே புன்ட்ஷோலிங். நடுவில் ஒரு வாசல்தான், இந்தப் பக்கம் ஹாரன் சத்தம், அந்தப் பக்கம் அமைதி. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. மறுநாள் காலையில் தலைநகர் திம்புவுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மேலே ஒரு சரிவு அப்படியே கழன்று ரோட்டில் விழுந்திருந்தது. டிரைவர் இறங்கி, ரோட்டோரம் கிடந்த இரண்டு கல்லை எடுத்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மலையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை, நேராக மேலே சரிவில் நிற்கிற மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன். மரம் லேசாகச் சாய ஆரம்பித்தால் மண் நகர்கிறது என்று அர்த்தமாம், அப்போது வண்டியை விட்டுவிட்டு ஓட வேண்டுமாம். இதைச் சாதாரணமாகச் சொன்னார். அதற்கப்புறம் ஐந்து மணி நேரம் நானும் அந்த மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் அள்ளும் இயந்திரம் ஒரு பக்கம் ஒதுக்க ஒதுக்க, மேலே இருந்து சேறு பால் பொங்குகிற மாதிரி மெதுவாக வழிந்து வந்துகொண்டே இருந்தது.

திம்புவுக்கும் புனாகாவுக்கும் நடுவில் தோச்சுலா என்று ஒரு கணவாய், ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரம். 2003 டிசம்பரில் அசாம் தீவிரவாதிகளுக்கு எதிரான சண்டையில் இறந்த வீரர்களுக்காக ராணி அம்மா ஒருவர் கட்டிய 108 ஸ்தூபிகள் அங்கே இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து வடக்கே பனிமலை வரிசை முழுக்கத் தெரியும். எந்தச் சிகரம் எது, எத்தனை மீட்டர் என்று ஒரு பலகையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று அந்தப் பலகை மட்டும்தான் தெரிந்தது. ஸ்தூபிகளே நாலாவது வரிசைக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டன. குழுவில் ஒரு வயதான அம்மா, திருப்பத்தூர்ப் பக்கம், பலகையில் கை வைத்து ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. மழையின் மேல் கோபம் இல்லை. அந்த அம்மா வாழ்நாளில் ஒரே தடவை போகிற பயணம், அதற்குக் காசு வாங்கினவர்கள் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நியாயத்துக்கு அந்த மாதத்தின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பாரோ பள்ளத்தாக்கு முழுக்க நெல் வயல், அந்தப் பச்சை வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. ரோட்டுக்கு ரோடு அருவி. ஹோட்டல்கள் காலி, எங்கே போனாலும் கூட்டமே இல்லை. அவர்கள் நாட்டு மலர் நீல பாப்பி, அது பூப்பதே மழைக்காலத்தில்தான், ஆனால் உயரமான மலைச்சரிவுகளில், நடந்து ஏறுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். மழையைப் பார்க்கவே போகிறேன், கால அவகாசம் இருக்கிறது, ஒரு நாள் ரோட்டில் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே போகிறவர்களுக்கு ஜூலை நல்ல மாதம்தான். பனிமலை காட்டுகிறேன் என்று சொல்லி ஜூலையில் கூட்டிக்கொண்டு போவதுதான் தப்பு. ஊர் திரும்பி ஆகஸ்ட் 5ஆம் தேதி வேலூர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டபோதும் என் செருப்பில் தக்ட்சாங் மலை மடத்துக்கு ஏறின பாதையின் சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி அப்பாவைப் பற்றி. அப்பா வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்து ஒன்றில் லாட்ஜ் மேனேஜராக முப்பது வருஷம் இருந்தவர். அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளில் தமிழுக்குச் சமமாக வங்காளம் இருக்கும், இட்லிக் கடையிலும் மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும். வைத்தியத்துக்கு வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பூட்டானிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களோடு பேசிப் பேசியே அப்பாவுக்கு வங்காளமும் இந்தியும் சரளமாக வரும். ஒரு வருஷம் ஒரு பூட்டான் குடும்பம் இரண்டு மாதம் தங்கியிருந்தது. அந்த அம்மா நேதாஜி மார்க்கெட்டில் பச்சை மிளகாயைக் கிலோக் கணக்கில் வாங்கி வருவார்களாம். மசாலாவுக்கு இல்லை, காயாகவே. நீளமாகக் கீறி, பாலாடைக்கட்டி போட்டுக் கொதிக்க வைப்பார்கள், ஏமா தட்ஷி என்று பெயர், அந்த நாட்டில் தினமும் சாப்பிடுகிற பதார்த்தம். நாம் முள்ளுக் கத்திரிக்காயை எப்படிக் குழம்பில் போடுகிறோமோ அப்படி மிளகாயைப் போடுகிறார்கள்மா என்று அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவர் அப்பாவிடம், எங்கள் ஊருக்கு வந்தால் கொக்குகள் வருகிற மாதத்தில் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், வேறு விவரம் எதுவும் சொல்லவில்லை. அப்பா அதை மறக்கவே இல்லை.

2024இல் அப்பாவுக்கு 67 வயது. மூட்டு வலி வேறு, இன்னும் தள்ளிப்போட்டால் முடியாது என்று தோன்றியது. மகளுக்குப் பள்ளி லீவு மே மாதம், எனக்கும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் மார்ச் கணக்கு முடிந்து மூச்சு விடுகிற நேரம் அதுதான், அக்னி நட்சத்திரத்தில் ஊரை விட்டு ஓடினால் போதும் என்றும் இருந்தது. ஆக, மே என்று முடிவு செய்துகொண்டுதான், முதலில் சொன்ன அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் படி அப்பாவோடு ஏறினேன்.

ஆபீஸ்காரர் விலையே சொல்லவில்லை. "அக்கா, இன்னா பாக்கணும்னு வர்றீங்க?" என்று கேட்டார். பனிமலை என்றேன். "ஐயா?" என்று அப்பாவைப் பார்த்தார். "கொக்கு," என்றார் அப்பா. அவர் சிரித்தபடி, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அப்படின்னா மே வேண்டாங்கா. மே மாசம் வெயில் இதமா இருக்கும், ஆனா மதியத்துக்கு மேல மேகம் ஏறிடும், மலை தெரியறது அதிர்ஷ்டம். கொக்கு ஒண்ணு கூட இருக்காது, எல்லாம் திபெத்துக்குத் திரும்பிடும். மே மாசம் காசு வாங்கிட்டு உங்கள அனுப்பினா ஐயா என்னைத் திட்டுவாரு." நான் விடவில்லை, லீவு பிரச்சினையைச் சொன்னேன். தீபாவளிக்கு அப்புறம் பாப்பாவுக்கு ஒரு வாரம் லீவு எடுக்க முடியுமா என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டுவிட்டு வாருங்கள், முடியாது என்றால் இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கையில் வந்த வியாபாரத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடச் சொன்ன ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிச் சொன்னதையும், போய்ப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை வசந்தம், மலைச்சரிவெல்லாம் ரோடோடெண்ட்ரான் பூத்துச் சிவந்திருக்கும், பாரோ டிஷேச்சு என்கிற பெரிய முகமூடி நடனத் திருவிழாவும் அவர்கள் சந்திரமாதக் கணக்குப்படி மார்ச், ஏப்ரலில் வரும். பூவும் திருவிழாவும் வேண்டும் என்றால் அதுதான் காலம். ஆனால் அந்த மாதங்களில் காற்றில் ஒரு மங்கல் இருக்கும், தூரத்துச் சிகரம் பளிச்சென்று தெரியாது. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் திம்பு டிஷேச்சு. மழை ஓய்ந்து, வயல் மஞ்சளாகி, மிளகாய் கூரையில் காய்கிற நேரம். கூட்டமும் அப்போதுதான் அதிகம், விமான டிக்கெட்டும் ஏறிவிடும். நவம்பரில் வானம் இன்னும் தெளிவு, குளிர் தொடங்கும், கொக்கு வந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலை தெரிவதற்கு அதைவிட நல்ல காலமே இல்லை, ஆனால் திம்புவில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், செலேலா மாதிரி கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரக் கணவாயில் பனி விழுந்தால் ரோடு அடைபடும். வேலூர் வெயிலில் வளர்ந்த 67 வயது உடம்புக்கு அதை அவர் சிபாரிசு செய்யவில்லை.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. திம்பு ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, புனாகா 1,200 மீட்டர்தான். அதனால் குளிர் ஆரம்பித்ததும் அந்த நாட்டுத் தலைமை மடாதிபதியும் துறவிகளும் திம்புவை விட்டுப் புனாகா கோட்டைக்கு இறங்கி வந்துவிடுவார்கள், வெயில் காலத்தில் மறுபடி ஏறுவார்கள். இது நூற்றாண்டுகளாக நடக்கிறது. அங்கே சாமியார்களே மாசம் பார்த்துத்தான் இடம் மாறுறாங்க, நாம பார்க்க வேண்டாமா என்றார்.

செலவு, பேப்பர் விஷயம் சுருக்கமாக. 2019இல் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் என்று எதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் கொரோனாவுக்கு அப்புறம் நாட்டைத் திறந்ததிலிருந்து தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் அரசாங்கக் கட்டணம் உண்டு, ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை அதில் பாதி. எட்டு ராத்திரிக்குப் பெரியவர்கள் மூன்று பேருக்கு 28,800, மகளுக்கு 4,800, ஆக 33,600 இதற்கு மட்டும். விமானம், கார், வழிகாட்டி, ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது. விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் பர்மிட் கொடுப்பார்கள். ஆதார் அட்டையை நம்பிக்கொண்டு போகாதீர்கள், அது அங்கே செல்லாது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். அவர்கள் பணம் நுல்ட்ரம், நம் ரூபாய்க்குச் சரிக்குச் சமம், நம் நோட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் டானா புயல் ஒடிசாவில் கரை கடந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொல்கத்தா வழியாகத்தான் விமானம். அந்த நாளில் அவரே ஃபோன் செய்து, நம்ம தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, பயப்படாதீங்க, ஆனா கொல்கத்தாவுல ஒரு ராத்திரி தங்குற மாதிரி முந்தின நாளே போயிடுங்க என்றார். ஐப்பசியில் சென்னையிலிருந்து கிளம்புகிற யாருக்கும் இது நல்ல யோசனை, அங்கே வானம் தெளிவாக இருந்தாலும் கிளம்புகிற இடத்தில் மழை பிடித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை காலை பாரோவில் இறங்கினோம். அந்த விமான நிலையத்தில் பகல் வெளிச்சத்தில், மலை கண்ணுக்குத் தெரிந்தால்தான் விமானம் இறங்கும், மழைக்காலத்தில் தாமதம் ஆவதும் அதனால்தான். விமானம் பள்ளத்தாக்குக்குள் திரும்பித் திரும்பி இறங்கும்போது இறக்கைக்குப் பக்கத்திலேயே வீடுகள் தெரிகின்றன. ஒரு வீட்டுக் கூரை முழுக்கச் சிவப்பாக இருந்தது, மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள், மிளகாய் காய்கிறது என்று. நம் பக்கம் ரோட்டோரம் மல்லாட்டை காயப்போட்டிருப்பார்களே, அந்த மாதிரி ஊரே காயப்போட்டிருக்கிறது.

தோச்சுலாவுக்கு ஏழாம் தேதி காலை போனோம். வண்டி கடைசி வளைவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. நான் எதுவும் எழுதி அதைக் காட்டிவிட முடியாது. இடமிருந்து வலம் வரைக்கும் வெள்ளை, கீழே நீலமாகக் காட்டு மலைகள், நடுவில் ஒரு மேகத் துணுக்குக் கூட இல்லை. அதே பலகை, அதே இடத்தில் இருந்தது. இந்தத் தடவை பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்தச் சிகரமே நிற்கிறது. 7,570 மீட்டர் கங்கர் புன்சும், உலகத்தில் இன்னும் மனிதர் ஏறாத சிகரங்களில் அதுதான் உயரமானது, பூட்டானில் மலை ஏறுவதையே 2003இல் தடை செய்துவிட்டார்கள். வழிகாட்டித் தம்பி விரல் நீட்டி அதைக் காட்டினபோது எனக்குத் திருப்பத்தூர் அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அவர்கள் நம்பர் என்னிடம் இல்லை.

புனாகா இரண்டு நாள், ஃபோ சூ, மோ சூ இரண்டு ஆறும் சேருகிற முனையில் 1637இல் கட்ட ஆரம்பித்த கோட்டை, பகலில் ஸ்வெட்டரே வேண்டியிருக்கவில்லை. பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

அப்புறம் போப்ஜிகா. இதற்காகத்தான் இந்த விமர்சனமே. ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், ஏரி வற்றிப்போன மாதிரி தட்டையான அகலமான பள்ளத்தாக்கு, நடுவில் சதுப்பு, சுற்றிலும் பைன் காடு. கருங்கழுத்துக் கொக்குகள் திபெத்திலிருந்து அக்டோபர் கடைசியில் வர ஆரம்பித்து பிப்ரவரி, மார்ச் வரை இங்கேதான் இருக்கும். கொக்குக்கு அடிபடக் கூடாது என்று அந்தப் பள்ளத்தாக்கில் மின்சாரக் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் கம்பமே இல்லை. பத்தாம் தேதி விடியற்காலை அப்பாவுக்கு இரண்டு ஸ்வெட்டர், மேலே ஆம்பூரில் வாங்கின லெதர் ஜாக்கெட், காதைச் சுற்றி மஃப்ளர் எல்லாம் போட்டு அழைத்துப்போனேன். புல்லெல்லாம் உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். முதலில் சத்தம்தான் கேட்டது, தொண்டையிலிருந்து எக்காளம் ஊதுகிற மாதிரி. அப்புறம் சூரியன் ஏற ஏற, சதுப்பில் சாம்பல் நிறக் கற்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தூக்கின. கழுத்து மையில் தோய்த்த மாதிரி கறுப்பு, உச்சந்தலையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. நம் வயலில் பார்க்கிற கொக்கு மாதிரி இல்லை, பத்து வயதுப் பிள்ளை உயரம். மகள் அதைத் தன்னோடு அளந்து பார்த்தாள். இரண்டு இரண்டாகத்தான் நடக்கின்றன, சிலவற்றுக்கு நடுவில் பழுப்புத் தலையோடு ஒரு குஞ்சு. அப்பா ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற வழிகாட்டித் தம்பி, நான் "அப்பா, போதும், குளிருது" என்று கூப்பிட்டதைக் கேட்டு, எங்கள் மொழியிலும் அபாதான் என்றார். அதிலிருந்து கிளம்புகிற வரை அவரும் அபா என்றே கூப்பிட்டார்.

பதினொன்றாம் தேதி காங்டே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா. 1998லிருந்து ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 11 அன்றுதான் நடக்கிறது, தேதி மாறாது, அதனால் திட்டம் போடுவது சுலபம். ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொக்கு வேஷம் போட்டு, கறுப்புக் கழுத்துத் தொப்பியோடு இறக்கை விரித்து ஆடுகிறார்கள். கொக்குகள் வந்து சேரும்போதும் திரும்பிப் போகும்போதும் அந்த மடத்தை மூன்று சுற்றுச் சுற்றும் என்பது ஊர் நம்பிக்கை. அப்பா அதைக் கேட்டுவிட்டு, நாம மூணு சுத்து சுத்தலாம் வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்.

தக்ட்சாங் கடைசி நாள். ரோடு முடிகிற இடத்திலிருந்து பாதி வழியில் ஒரு டீக்கடை வரைக்கும் குதிரை போகும், அப்பா அதில் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டார், எதிர்ப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மடம் அங்கிருந்தே முழுசாகத் தெரிகிறது. 2019இல் அதே இடத்தில் மேகம் விலகி இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. இப்போது பாதை காய்ந்து கிடந்ததால் மகள் கடைசிப் படிகள் வரை என் கையைப் பிடிக்காமலே ஏறினாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போப்ஜிகா ஹோட்டலில் எங்கள் அறையில் விறகு அடுப்பு இருந்தது, அப்பா அறையில் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் மட்டும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. 67 வயதுக்காரர் தங்கும் அறை என்று தெரிந்தும் சரிபார்க்காதது ஆபீஸ்காரர் தப்பு. அப்பாவை எங்கள் அறைக்கு அழைத்துவந்து தரையில் மெத்தை போட்டுக்கொண்டோம். முதலில் கொடுத்த விலைத்தாளில் கோயில், கோட்டை நுழைவுக் கட்டணங்கள் இல்லை, அங்கே போய்த்தான் தெரிந்தது, அது ஒன்றும் சின்னத் தொகை இல்லை, முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். சைவச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் தினம் இரண்டு வேளையும் ஒரே மாதிரி, புளியோதரைப் பொடியும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். நான் சொல்கிறேன், எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்கிற சிவப்பரிசிச் சோற்றுக்குப் பருப்புப் பொடி அவ்வளவு பொருத்தம்.

லீவு கிடைக்காதவர்களுக்கு: பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் காலாண்டு லீவில் போகலாம், மழையின் வால் இருக்கும், ஆனால் திம்பு திருவிழா கிடைக்க வாய்ப்புண்டு. அரையாண்டு லீவு என்றால் புனாகாவில் அதிக நாள் தங்குகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களை உயரத்தில் ராத்திரி தங்க வைக்காதீர்கள். மே மாதம் தவிர வேறு வழியே இல்லை என்றால் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள், கண்ணுக்குப் பூ மிச்சம் இருக்கும். தரை வழியாகப் போவதானால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம்.

ஊர் திரும்பி ஹீட்டர் விஷயத்தைச் சொன்னபோது அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அந்த அறையின் இரண்டு ராத்திரி வாடகையை அப்பா கையில் கொடுத்துவிட்டு, எந்த அறை, எத்தனை மணிக்கு நின்றது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ரோடோடெண்ட்ரான் பார்க்க ஏப்ரலில் ஒரு குழு அனுப்பப் போகிறாராம். அப்பா அங்கேயே பெயர் கொடுத்துவிட்டார். மகளுக்குப் பரீட்சை எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டு நான் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.